நகர நடுவே ஒரு கிலோமீட்டர்: கிரிட்டீரியம் பந்தயம் எப்படி ஓடுகிறது, ஏன் நின்றுபோகிறது

சாலை சைக்கிள் பந்தயத்தை ஓரமாக நின்று பார்க்கிறவர்களுக்குத் தீராத குறை ஒன்று உண்டு. காலையிலேயே போய் இடம் பிடித்து மணிக்கணக்கில் காத்திருந்தால், 150 பேர் கொண்ட திரள் அரை நிமிடத்தில் கடந்து போய்விடும். அப்புறம் என்ன நடந்தது என்பதை டிவியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நகரத் தெருக்களில் நடக்கும் கிரிட்டீரியம் பந்தயத்தில் இந்தக் குறை கிடையாது. கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த மையப் பகுதியில் நாலைந்து தெருக்களை மூடி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுற்று அமைப்பார்கள். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வீரர்கள் 80 நொடிக்கு ஒரு முறை உங்கள் முன்னால் திரும்ப வந்துவிடுவார்கள். ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். நுழைவுச்சீட்டும் பெரும்பாலும் இல்லை.

யூசிஐ என்னும் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி கிரிட்டீரியம் சுற்று 800 மீட்டரிலிருந்து 10 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அமெரிக்காவில் நடக்கும் தொழில்முறைப் பந்தயங்களில் பல ஒன்று, ஒன்றரை கிலோமீட்டரோடு நின்றுவிடுகின்றன. இந்தக் குட்டைச் சுற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வேகம், விபத்து, தந்திரம், பணம், பந்தயங்கள் பிழைப்பதும் சாவதும் என எல்லாமே சுற்றின் நீளத்திலிருந்துதான் வருகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை, பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சாலைப் பந்தயத்தின் சின்னப் பதிப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டமே வேறு.

முதலில் திருப்பத்தைப் பார்ப்போம். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய ட்வைலைட் கிரிட்டீரியம் இருட்டிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில் ஓடும் பந்தயம். ஒரு கிலோமீட்டர் சுற்று, நான்கு முனைகள், ஆண்களுக்கு 80 சுற்று. அப்படியானால் 320 தடவை செங்கோணத் திருப்பம். ஒரு முனையை 15 மீட்டர் ஆரமுள்ள வளைவாக எடுத்துக்கொண்டு மணிக்கு 40 கிலோமீட்டரில் திரும்பினால், சைக்கிள் செங்குத்திலிருந்து சுமார் 40 டிகிரி சாய்ந்தாக வேண்டும். இது வெறும் பள்ளிக்கூட இயற்பியல்தான். உலர்ந்த தார்ச்சாலையில் டயர் அந்தச் சாய்வைத் தாங்கிவிடும். மழை பெய்து, பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டிலோ சாக்கடை மூடியின் இரும்பிலோ சக்கரம் பட்டால் தாங்காது. அதனால்தான் பந்தயத்துக்கு முன்னால் வீரர்கள் பாதையை மெதுவாகச் சுற்றிவந்து எந்த மூடி எங்கே இருக்கிறது, எந்த ஒட்டு மேடாக இருக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்கிறார்கள். மழை நாளில் டயரின் காற்றழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கிவிடுவார்கள்.

தெருவின் வெளிப்பக்கத்திலிருந்து நுழைந்து, முனையின் உட்பக்கத்தை உரசியபடி, மறுபடி வெளிப்பக்கத்துக்குப் போவதுதான் வேகமான வழி. வளைவின் ஆரம் கூடும், சாய்வு குறையும். சாயும்போது உள்பக்கப் பெடல் மேலே இருக்க வேண்டும். மிதித்துக்கொண்டே திரும்பினால் அது தரையில் தட்டும். ஆனால் தனியாகத் திரும்பும்போதுதான் இந்த நல்ல வழி முழுசாகக் கிடைக்கும். பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி இன்னொருவர் இருந்தால், இருவருமே தங்கள் கோட்டை விடாமல் பிடித்துப் போக வேண்டும். ஒருவர் அரை மீட்டர் விலகினால் பின்னால் வரும் பத்துப் பேருக்கும் அது பிரச்சினை.

பார்வையாளர்களில் பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. முதல் இடத்தில் போகிறவர் அனுபவிக்கும் பந்தயமும் அறுபதாவது இடத்தில் போகிறவர் அனுபவிக்கும் பந்தயமும் ஒன்றல்ல. முன்னால் இருப்பவர் முனையில் நினைத்த வேகத்தில் நுழைந்து, அதே வேகத்தில் வெளியேறுகிறார். பின்னால் வருகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் நெருங்கி பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. நுழைகிறபோது முன்னவர் 40 கிலோமீட்டரில் இருந்தால், வால் பகுதியில் 25 வரை இறங்கிவிடலாம். வெளியேறியதும் முன்னால் உள்ளவர்கள் ஏற்கெனவே முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். சிக்னல் பச்சையானதும் முதல் கார் உடனே கிளம்ப, இருபதாவது கார் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவசரமாக விரட்டுவது போலத்தான் இதுவும். வித்தியாசம், இங்கே அந்த விரட்டலைக் காலால் செய்ய வேண்டும், அதையும் நூற்றுக்கணக்கான தடவை. ஒவ்வொரு முனைக்குப் பிறகும் எழுந்து நின்று, சில நொடிகள் உச்ச பலத்தில் மிதித்து, இடைவெளியை அடைக்க வேண்டும். பந்தயம் முடிந்து, மிதிக்கும் ஆற்றலை அளக்கும் கருவியில் சராசரியை மட்டும் பார்த்தால் சாதாரண நாள் மாதிரி தெரியும். அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் கூர்மையான ஏற்ற இறக்கங்கள்தான் கால்களைத் தீர்த்துவிடுகின்றன.

ஆகவே எல்லோரும் முன்னால் இருக்க ஆசைப்படுகிறார்கள். முன்னால் பத்து இடம்தான் இருக்கிறது, ஆசைப்படுகிறவர்கள் எண்பது பேர். கிரிட்டீரியத்தின் தள்ளுமுள்ளு முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது.

காற்றின் கணக்கும் இருக்கிறது. மணிக்கு 45 கிலோமீட்டரில் சைக்கிளை எதிர்ப்பதில் பெரும்பங்கு காற்றுதான். 2018இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு வெளியிட்ட ஆய்வு, நெருக்கமான பெரிய திரளின் நடுவிலும் பின்னாலும் இருப்பவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடை, தனியாகப் போகிறவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று காட்டியது. அது அகலமான நேர்ச்சாலையில் அடர்த்தியாகப் போகும் திரளுக்கான எண். நகரத் தெருவில் முனைக்கு முனை திரள் நூலாக இழுபட்டுவிடுவதால் அவ்வளவு சலுகை கிடைக்காது. நீண்ட சாலைப் பந்தயத்தில் பின்னால் ஒளிந்து சக்தியைச் சேமிப்பது புத்திசாலித்தனம். இங்கே பின்னால் இருப்பதற்கே விலை கொடுக்க வேண்டும்.

ஐந்தாறு பேர் பிய்த்துக்கொண்டு முன்னால் ஓடுவது கிரிட்டீரியத்தில் நிஜமான ஆயுதமாக இருப்பதற்கும் இதுவே காரணம். சின்னக் குழு முனைகளைத் தயக்கமில்லாமல் எடுக்கும். பெரிய திரள் ஒவ்வொரு முனையிலும் நசுங்கும். முனைகள் நிறைய இருந்தால் தப்பியோடுகிறவர்களுக்குச் சாதகம், அகலமான நேர்ச்சாலை அதிகமிருந்தால் ஸ்பிரிண்டர்களுக்கு, அதாவது கடைசிச் சில நூறு மீட்டரில் உச்ச வேகத்தில் பாய்கிறவர்களுக்கு, சாதகம். இதில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் குட்டைச் சுற்றில் மட்டுமே சாத்தியமானது. தப்பியோடிய குழு ஒரு முழுச் சுற்றையே எடுத்து, திரளின் வாலைப் பின்பக்கமாக வந்து பிடித்துவிடும். இப்போது அவர்கள் ஒரு சுற்று முன்னணியில் இருந்தபடியே திரளுக்குள் இருக்கிறார்கள், தங்கள் அணிக்காரர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள். அதுவரை வேலையில்லாமல் இருந்த அணி முழுதும் முன்னால் வந்து, தங்கள் ஆளைக் கடைசி முனை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு யார் முன்னணி, யார் பின்னணி என்றே குழம்பிவிடும். அறிவிப்பாளர் நல்லவராக அமைந்தால் அந்தக் குழப்பமே ஒரு சுவாரஸ்யம்.

அறிவிப்பாளர் கையில் ஒரு மணியும் உண்டு. அதை அடித்தால் அடுத்த முறை கோட்டை முதலில் தாண்டுகிறவருக்குத் தனிப் பரிசு. இதைப் பிரீம் என்கிறார்கள். சில இடங்களில் பார்வையாளர்களே அங்கேயே பணம் சேர்த்துப் பரிசை உயர்த்திவிடுவதும் உண்டு. நடுவில் பந்தயம் தூங்கிவிடாமல் இருக்க வந்த ஏற்பாடு இது. ஸ்பிரிண்டர்கள் அந்தப் பணத்துக்காக மூச்சைக் கொட்டிவிட்டு ஒரு நிமிடம் தளரும்போது, அதுவரை பேசாமல் இருந்த ஒருவர் சட்டென்று தாக்குவார். பிரீமுக்கு அடுத்த அரைச் சுற்றில்தான் நல்ல தப்பியோட்டங்கள் பல தொடங்குகின்றன.

டயர் பஞ்சராகிவிட்டாலோ விழுந்துவிட்டாலோ குட்டைச் சுற்றில் ஒரு வசதி உண்டு. பாதை ஓரத்தில் உதிரிச் சக்கரங்கள் வைத்திருக்கும் இடத்துக்குப் போய் சக்கரத்தை மாற்றிக்கொண்டு, திரள் அடுத்த சுற்றில் வரும்போது பழைய இடத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். அந்தச் சுற்று இலவசம். கடைசிச் சில சுற்றுகளில் மட்டும் இந்தச் சலுகை இல்லை. சும்மா ஓய்வெடுப்பதற்காகப் பஞ்சர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத் தடுக்க அந்த இடத்தில் ஒரு நடுவர் நிற்பார். பின்தங்கி, தனியாக விடப்பட்டவர்களைத் திரள் எட்டிப்பிடிப்பதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுவார்கள்.

கடைசி இரண்டு சுற்றில் வேகம் உச்சத்துக்கு ஏறும். கடைசி முனையிலிருந்து கோடு 200 மீட்டரில் இருக்கிறது என்றால், அந்த முனையை முதலிலோ இரண்டாவதாகவோ கடப்பவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். அதனால் உண்மையான இறுதிப் போட்டி கோட்டில் நடப்பதில்லை, அந்த முனைக்கு முந்தைய தெருவில் நடக்கிறது. விபத்துகளும் அங்கேதான்.

ஆபத்தைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். தெரு பந்தயத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. நடைபாதை விளிம்பு, விளக்குக் கம்பம், தடுப்புக் கம்பிகளின் துருத்திய கால் என எல்லாம் அங்கேயே இருக்கின்றன. 1991 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில், பாரிஸின் ஷான்ஸ் எலிசே வீதியில், புள்ளிகளில் முதலிடத்தில் இருப்பவருக்கான பச்சைச் சட்டையோடு ஸ்பிரிண்ட் செய்துகொண்டிருந்த ஜமோலிடின் அப்துஜாபரோவ் ஓரத்துத் தடுப்பில் மோதித் தூக்கியெறியப்பட்டார். சட்டையைக் காப்பாற்றிக்கொள்ள, எழுப்பி நிறுத்தப்பட்டு நடந்தே கோட்டைத் தாண்டினார். 2020இல் போலந்தின் கடோவிட்சே நகரில், மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டிய இறக்கத்து ஸ்பிரிண்டில், டிலன் குரூனவேகன் வழிவிலகி நெருக்கியதில் ஃபாபியோ யாகப்சன் தடுப்பைப் பிய்த்துக்கொண்டு போய் விழுந்தார். அவரை மருந்தால் கோமாவில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. இரண்டுமே கிரிட்டீரியம் அல்ல, பலநாள் பந்தயங்களின் நகர முடிவுகள். ஆனால் பிரச்சினை அதேதான்: வேகம் உச்சத்தில் இருக்கும்போது தப்பித்து ஓட இடமில்லாத தெரு. கடோவிட்சேக்குப் பிறகு, கால் துருத்தாத, சாய்வான முகப்புள்ள தடுப்புகள் பெரிய பந்தயங்களில் பரவலாயின. சிறிய நகரப் பந்தயங்களுக்கு அந்தத் தடுப்புகளின் செலவு கட்டுபடியாவதில்லை. முனைகளில் வைக்கோல் கட்டுகளையும் மெத்தைகளையும் வைத்துச் சமாளிக்கிறார்கள். இந்த விளையாட்டை நேசிக்கிறவர்கள் முதலில் பணம் கேட்க வேண்டியது பரிசுக்காக அல்ல, இந்தத் தடுப்புகளுக்காக என்பது என் உறுதியான கருத்து.

சரி, பணத்துக்கு வந்துவிட்டோம். ஒரு தெருவை ஒரு நாள் மூடுவது என்றால் என்ன? முனைக்கு முனை போலீஸ், நூற்றுக்கணக்கான மீட்டர் தடுப்பு, நிறுத்திவைத்த கார்களை இழுத்துப் போவது, பேருந்துகளை வேறு வழியில் திருப்புவது, ஆம்புலன்ஸ், இன்ஷூரன்ஸ், தன்னார்வலர்கள், மாலையில் துப்புரவு. சுற்று ஒரு கிலோமீட்டர் என்றால் சுமார் பத்துத் தெருச் சந்திப்புகளைக் காவல் காத்தால் போதும். 20 கிலோமீட்டர் என்றால் செலவும் எரிச்சலும் பல மடங்கு. காருக்காகவே வளர்ந்த அமெரிக்க நகரங்களில் நீண்ட சாலைப் பந்தயங்கள் அரிதாகி, கிரிட்டீரியமே தொழில்முறை விளையாட்டின் முகமாக ஆனதற்கு முதன்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு பெரிய பந்தயங்களின் முடிவு இதைக் காட்டும். பிலடெல்பியாவில் 1985இல் தொடங்கிய பந்தயம் கிரிட்டீரியம் அல்ல. நகருக்குள்ளேயே நீண்ட சுற்றில் 250 கிலோமீட்டர், நடுவே மனயுங்க் பகுதியில் சுவர் என்றே அழைக்கப்படும் 17 சதவீத ஏற்றம். முதல் ஆண்டு ஜெயித்தவர் எரிக் ஹைடன். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்பீடு ஸ்கேட்டிங் என்னும் பனித்தள ஓட்டத்தில் ஐந்து தங்கம் வென்ற அதே ஹைடன்தான். நீண்ட காலம் இந்தப் பந்தயமே அமெரிக்கத் தொழில்முறைச் சாம்பியனைத் தீர்மானித்தது. 2016இல் பெண்களுக்கான உலக அளவிலான தொடரிலும் இது இடம் பெற்றிருந்தது. அந்த ஆண்டோடு நின்றுபோனது. ஸ்பான்சர் பணம் கிடைக்கவில்லை. ஏற்றத்தின் இரு பக்கமும் ஜனம் நிரம்பி வழிந்த பந்தயம் அது.

சான் பிரான்சிஸ்கோவின் கதை இன்னும் குறுகியது. 2001 முதல் 2005 வரை ஐந்தே ஆண்டு. ஃபில்மோர் தெருவின் செங்குத்தான ஏற்றத்தில் உலகின் பெரிய அணிகள் திணறுவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது. முதல் பந்தயத்தை ஜார்ஜ் ஹின்கபி வென்றார். போலீஸுக்கும் மற்ற நகரச் சேவைகளுக்கும் யார் எவ்வளவு கொடுப்பது என்ற தகராறு அமைப்பாளர்களுக்கும் நகர சபைக்கும் இடையே முற்றிப் பந்தயமே போய்விட்டது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றுதான் சொல்வேன். லாபம் தேடும் நிகழ்ச்சிக்கு வரிப்பணம் ஏன் என்ற கேள்வி சரியானது. தெரு எல்லா நாளும் காருக்கு இலவசமாகத் திறந்திருக்கும்போது, ஒரு நாள் வேறு பயன்பாட்டுக்கு மட்டும் ஏன் முழு விலை என்ற கேள்வியும் சரியானது. பார்வையாளரிடம் கட்டணம் வாங்க முடியாத விளையாட்டில் இந்த இரண்டு கேள்வியும் தீராமல் கிடக்கின்றன.

ஐரோப்பாவில் கணக்கே வேறு. அங்கே கிரிட்டீரியம் என்பது பெரும்பாலும் டூர் முடிந்த வாரத்தில் நெதர்லாந்தின் பாக்ஸ்மீர், பெல்ஜியத்தின் ஆல்ஸ்ட் போன்ற ஊர்களில் நடக்கும் திருவிழா. நட்சத்திரங்களுக்கு வந்து நிற்பதற்கே பணம், யார் ஜெயிப்பார் என்பது முன்பே பேசப்பட்டது, பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். சம்பளம் குறைவாக இருந்த காலத்தில் வீரர்களின் ஆண்டு வருமானத்தில் பெரிய பங்கு இங்கிருந்துதான் வந்தது. 2013 முதல் ஜப்பானின் சைதாமாவிலும், அப்புறம் சிங்கப்பூரிலும் டூர் அமைப்பாளர்கள் நடத்திய கிரிட்டீரியங்களும் இந்த வகைதான். ஐரோப்பாவில் நகரத்துக்குள் உண்மையான போட்டி வேண்டுமென்றால் பாரிஸைத்தான் பார்க்க வேண்டும். 1975 முதல் 2023 வரை டூர் ஷான்ஸ் எலிசேயில் சுற்றிச் சுற்றி முடிந்தது. 2025இல் மோன்மார்த் குன்றின் கருங்கல் ஏற்றத்தை மூன்று முறை சேர்த்தார்கள். கடைசி ஏற்றத்தில் ஒட்டுமொத்த முன்னணிக்கான மஞ்சள் சட்டைக்காரரான தடேய் போகச்சாரையே உதறிவிட்டு வவுட் வான் ஆர்ட் தனியாக வந்து ஜெயித்தார். வழுக்கும் மழை என்பதால் ஒட்டுமொத்த நேரக் கணக்கை முன்கூட்டியே நிறுத்தியிருந்தார்கள், நல்ல முடிவு.

அமெரிக்காவில் தாக்குப்பிடித்தவை சின்னவைதான். நியூ ஜெர்சியின் சோமர்வில்லில் 1940இல் தொடங்கிய பந்தயம் இன்றும் மே மாதத்தில் வரும் போர்வீரர் நினைவு நாளை ஒட்டி நடக்கிறது. முதல் இரண்டு ஆண்டும் ஜெயித்த ஃபர்மன் குக்லரும், 1942இல் ஜெயித்த கார்ல் ஆண்டர்சனும் இரண்டாம் உலகப் போரில் இறந்தார்கள். 1947இல் பந்தயம் திரும்பியபோது அவர்கள் இருவர் பெயரும் அதில் சேர்ந்தது. ஒக்லஹோமாவின் டல்சாவில் 2006 முதல் ஜூன் மாதத்தில் மூன்று நாள் பந்தயம். ஞாயிற்றுக்கிழமைச் சுற்றில் கிரை பேபி ஹில் என்ற ஏற்றம் இருக்கிறது. வேஷம் போட்ட கூட்டம் பாதையைக் கிட்டத்தட்ட அடைத்துக்கொண்டு கத்த, வீரர்கள் அந்தச் சத்தத்துக்குள் ஏறிப் போவார்கள்.

இந்தப் பந்தயங்களின் பொருளாதாரம் வெளியில் தெரிவதில்லை. மாலையில் தொழில்முறை வீரர்கள் ஓடும் அதே சுற்றில் காலையிலிருந்து அமெச்சூர்கள் வகுப்பு வகுப்பாக ஓடுகிறார்கள்: புதியவர்கள், முதியவர்கள், சிறுவர்கள். அவர்கள் கட்டும் கட்டணம் தடுப்புக்கும் நடுவருக்கும் ஒரு பங்கைக் கொடுக்கிறது. தெரு எப்படியும் மூடியாகிவிட்டது, அதை நாள் முழுதும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். மீதியை உள்ளூர்க் கடைகளும் மருத்துவமனைகளும் வங்கிகளும் ஸ்பான்சராகத் தருகின்றன.

இதை மாற்றிவிடலாம் என்று கிளம்பிய முயற்சிகளும் உண்டு. 2008இல் புரூக்ளினில் டேவிட் டிரிம்பிள் தொடங்கிய ரெட் ஹுக் கிரிட், பிரேக் இல்லாத ஒற்றைக் கியர் சைக்கிள்களோடு இரவில் ஓடி, லண்டன், பார்சிலோனா, மிலன் வரை போனது. 2018க்குப் பிறகு இல்லை. 2019இல் ஜஸ்டின், கோரி வில்லியம்ஸ் சகோதரர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய லீஜியன் அணி, கறுப்பின வீரர்கள் மிகக் குறைவாக இருந்த விளையாட்டுக்குள் புதிய ரசிகர்களைக் கொண்டுவந்தது. 2023இல் நேஷனல் சைக்கிளிங் லீக் பத்து லட்சம் டாலர் பரிசோடு மயாமி பீச்சில் தொடங்கியது. ஆண் அணி, பெண் அணி இரண்டின் புள்ளிகளையும் சேர்த்துத்தான் வெற்றி என்ற அதன் விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டாவது பருவம் நடக்கவில்லை. முதலீட்டுப் பணம் நகரத்துக்கு மேலே இருந்து இறங்கியது. காலையில் ஓடும் அமெச்சூர்கள், வழக்கமாகப் பணம் தரும் கடைகள், தெருவைத் தெரிந்த தன்னார்வலர்கள் என்ற அடித்தளம் அதற்கு இல்லை என்பதே என் கணிப்பு.

2022இல் வந்த அமெரிக்கன் கிரிட்டீரியம் கப் வேறு வழியில் போனது. புதிதாக எந்தத் தெருவையும் மூடாமல், வெவ்வேறு நகரங்களில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பந்தயங்களைப் புள்ளிகளால் இணைத்து ஒரு தொடராக்கியது. அணிகள் எங்கே போவது என்று ஆண்டின் தொடக்கத்திலேயே திட்டமிட முடிகிறது. ஒவ்வொரு நகரமும் தன் போலீஸையும் தன் தடுப்புகளையும் எப்போதும் போலத் தானே பார்த்துக்கொள்கிறது.